விளையாட்டு வீரர்களின் கல்விச்சான்றும் பல்கலைக்கழகப் பொறுப்புடைமையும்: செங்கற்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரி விளையாட்டு வீரர்களின் பெயரில் நிகழும் கல்விமோசடி, பெரும்பாலும் மாணவரின் ஒழுக்கக்குறைவாகவே பேசப்படுகிறது. வருகைப்பதிவு, அகமதிப்பீடு, சான்றளிப்பு ஆகிய மூன்று அதிகாரங்களும் நிறுவனத்தின் கையில் இருப்பதால், மோசடியின் முதற்பொறுப்பும் நிறுவனத்தையே சாரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக நிகழ்வு, 2018 இல் வெளிப்பட்ட அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டு வழக்கு, விளையாட்டு ஒதுக்கீடு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. உயர்கல்வி நிறுவனங்களும் பன்னாட்டு விளையாட்டுக் களங்களும் அருகருகே வளர்ந்துவரும் செங்கற்பட்டு மாவட்டம் ஆய்வுக்களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: கல்விமோசடி, விளையாட்டு ஒதுக்கீடு, அகமதிப்பீடு, வருகைப்பதிவு, பொறுப்புடைமை, செங்கற்பட்டு, மாமல்லபுரம்.

1. முன்னுரை

பட்டம் என்பது ஒருவர் ஒரு துறையைக் கற்றார் என்பதற்குப் பல்கலைக்கழகம் பொதுமக்களுக்கு அளிக்கும் உறுதிமொழி. வெற்றிக்கோப்பை என்பது அவர் களத்தில் ஆடினார் என்பதற்கான சான்று. இவ்விரண்டையும் ஒரே நிறுவனம் வழங்கும்போது, ஒன்றின் பொருட்டு மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் நெருக்கடி தோன்றுகிறது. களத்தில் வென்ற மாணவர் வகுப்பில் அமர்ந்ததாகவும், எழுதாத கட்டுரையை எழுதியதாகவும், பெறாத மதிப்பெண்ணைப் பெற்றதாகவும் ஆவணம் உருவாகுமாயின், அதன் முதல் இழப்பு அம்மாணவருக்கே. இரண்டாவது இழப்பு, உழைத்துப் படித்துப் பட்டம் பெற்ற பிற விளையாட்டு வீரர்களுக்கு. அவர்தம் பட்டமும் ஐயத்திற்கு உள்ளாகிவிடுகிறது.

இச்சிக்கலைத் தனிமனித நேர்மை சார்ந்த ஒன்றாகக் காணும் போக்கே இங்கு மிகுதி. நிறுவன அமைப்பு சார்ந்த ஒன்றாக அதனை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பகுதியில் உள்ள எந்நிறுவனத்தின் மீதும் குற்றஞ்சாட்டுவது இதன் கருத்தன்று. பிற இடங்களில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இங்கு எவ்விடத்தில் காவல் தேவைப்படுகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே கருத்து.

2. ஆய்வுக்களம்: கல்வியும் களமும் ஒன்றுசேரும் நிலப்பரப்பு

செங்கற்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. தாம்பரத்திலுள்ள சென்னை கிறித்தவக் கல்லூரி, காட்டாங்குளத்தூரிலுள்ள எஸ்.ஆர்.எம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம், வண்டலூரிலுள்ள கிரசென்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, இராஜேசுவரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி எனப் பல்வகை நிறுவனங்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் எனத் தனிச்சட்டத்தின் வழி உருவாக்கப்பட்ட தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் இயங்குகிறது.

இதே நிலப்பரப்பின் கடற்கரை, அண்மை ஆண்டுகளில் பன்னாட்டு விளையாட்டுக் களமாகவும் மாறியுள்ளது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு 2022 சூலை 28 முதல் ஆகத்து 10 வரை மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2023 ஆகத்தில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டியும், 2025 ஆகத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் இங்கு நடந்தன. கோவளம், மாமல்லபுரம் மீனவக் குப்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் அலைச்சறுக்கில் இந்திய அளவில் பெயர் பெற்றுள்ளனர். கடலைத் தொழிலிடமாகக் கொண்ட குடும்பங்களிலிருந்து வரும் இவ்விளைஞர்களுள் கல்லூரி வாயிலை அடைவோர் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக இருப்பர். அவர்களுக்கு விளையாட்டு, உயர்கல்விக்கான ஒரு வழி. அவ்வழியே உள்ளே வருபவருக்குக் கல்வி உண்மையிலேயே கிடைக்கிறதா என்பதே வினா.

போட்டிக் காலத்தைக் கவனித்தால் இவ்வினாவின் கூர்மை விளங்கும். மேற்கூறிய மூன்று நிகழ்வுகளும் ஆகத்து மாதத்தைத் தொட்டு நடந்தவை. அது கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவம் நடைபெறும் காலம். களநாட்காட்டியும் கல்விநாட்காட்டியும் மோதும் இடத்திலேயே ஆவணத்தைத் திருத்தும் தூண்டுதல் பிறக்கிறது.

3. வட கரோலினா நிகழ்வு: மோசடி எவ்வாறு இயங்கியது

கல்லூரி விளையாட்டு சார்ந்த கல்விமோசடிகளுள் மிக விரிவாக ஆவணப்படுத்தப்பட்டது, அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் நிகழ்ந்தது. முன்னாள் அரசு வழக்குரைஞர் கென்னத் வெயின்ஸ்டைன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2014 அக்டோபரில் வெளியாயிற்று. ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க – அமெரிக்கவியல் துறையில் 1993 முதல் 2011 வரை, பதினெட்டு ஆண்டுகள், பெயரளவிலான வகுப்புகள் நடத்தப்பட்டதை அது வெளிக்கொணர்ந்தது.

அவ்வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை, வருகைப்பதிவு இல்லை, கூடிப் படித்தல் இல்லை. பருவ இறுதியில் ஒரே ஒரு கட்டுரையை அளித்தால் போதும். அக்கட்டுரைக்கு மதிப்பெண் இட்டவர் பேராசிரியர் அல்லர். துறை அலுவலகத்தின் நிருவாகப் பணியாளர். உயர்ந்த மதிப்பெண்களே பெரும்பாலும் வழங்கப்பட்டன. துறைத்தலைவர் இதனை அறிந்து இடமளித்ததுடன், அப்பணியாளர் 2009 இல் ஓய்வு பெற்றபின் தாமும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தார். 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இவ்வகுப்புகளில் சேர்ந்திருந்தனர். பல்கலைக்கழக மாணவர் தொகையில் விளையாட்டு வீரர்கள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே. விரிவுரை வகுப்புகள் எனப் பதிவாகியிருந்த இப்போலி வகுப்புகளின் சேர்க்கையிலோ அவர்கள் பங்கு 47 விழுக்காட்டைத் தாண்டியது.

இங்குக் கருதத்தக்க செய்திகள் மூன்று.

முதலாவது, இம்மோசடி இரக்கத்தின் பெயரால் தொடங்கியது. இடர்ப்படும் மாணவருக்கு உதவ வேண்டும் என்பதே அப்பணியாளரின் நோக்கமாக இருந்ததென அறிக்கை குறிப்பிடுகிறது. கையூட்டு இல்லாமலும் கல்விமோசடி பெருகும் என்பதற்கு இது சான்று. 

இரண்டாவது, தகவல் மறைவாக இருக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்குப் படிப்பில் வழிகாட்ட அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் இவ்வகுப்புகளை அறிந்திருந்தனர். அப்பணியாளரின் ஓய்வுக்குப் பின், வகுப்புக்குச் செல்லாமலே வீரர்களின் ஆட்டத்தகுதியைக் காத்துவந்த பாடங்கள் இனி இல்லை என்று கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு அவ்வாலோசகர்கள் விளக்கவுரையே அளித்தனர். 

மூன்றாவது, எண்கள் ஏற்கெனவே கோப்புகளில் இருந்தன. ஒரு பாடத்தில் 4 விழுக்காட்டினர் 47 விழுக்காடாகக் குவிவதை எந்தப் பதிவாளர் அலுவலகமும் ஒருநாட் கணக்கில் கண்டறியலாம். கேட்பார் இல்லாமையால் அது பதினெட்டு ஆண்டுகள் காணப்படவில்லை.

4. பொறுப்பு நழுவிய விதம்

இந்நிகழ்வின் படிப்பினை மோசடியில் மட்டும் இல்லை; அதன்பின் பொறுப்பு எவ்வாறு நழுவிற்று என்பதிலும் உள்ளது. தரச்சான்று வழங்கும் மண்டல ஆணையம் 2015 இல் அப்பல்கலைக்கழகத்தை ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. விளையாட்டை ஒழுங்குபடுத்தும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமோ, 2017 அக்டோபர் 13 அன்று வெளியிட்ட முடிவில், தன் விதிகளின்படி கல்வி சார்ந்த மீறல் நிகழ்ந்ததாக முடிவுகட்ட இயலவில்லை எனக் கூறியது. அவ்வகுப்புகள் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமின்றி எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன என்பதும், மதிப்பெண்கள் தன் நெறிமுறைக்கு உட்பட்டவையே எனப் பல்கலைக்கழகம் நிலைநிறுத்தியதும் அம்முடிவுக்கு அடிப்படையாயின.

அதாவது, விளையாட்டு அமைப்பு இதனைக் கல்விச்சிக்கல் என்றது. கல்வி நிறுவனமோ தன் மதிப்பெண் நெறிக்குள் அடங்கியது என்றது. இரண்டு வேலிகளுக்கு இடைப்பட்ட நிலம் எவருக்கும் உரியதாகவில்லை. தரச்சான்று ஆணையத்தின்முன் கல்விமோசடி என ஒப்புக்கொண்ட அதே நிறுவனம், விளையாட்டுச் சங்கத்தின்முன் அச்சொல்லிலிருந்து பின்வாங்கியது. ஒரு நிறுவனம் இரு அவைகளில் இருவகையாகப் பேச முடிகிறதெனில், அவ்வவைகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்பதே பொருள்.

வேறிரு நிகழ்வுகளையும் இங்கு இணைத்து நோக்கலாம். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து வீரர்களுக்காக அலுவலகப் பணியாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பாடப்பணிகளை எழுதிக்கொடுத்தது 1999 இல் நாளிதழ் ஒன்றின்வழி வெளிவந்தது. ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில், கால்பந்து வீரர்களுக்குக் காட்டப்பட்ட கல்விச்சலுகையை எதிர்த்த ஆசிரியை ஜேன் கெம்ப் பணியிழந்தார். 1986 இல் நடுவர்குழு அவருக்குப் பெருந்தொகையை இழப்பீடாக அளித்தது. முதல் நிகழ்வில் வெளியே கொணர்ந்தது இதழியல். இரண்டாவதில் பேசியவர் தண்டிக்கப்பட்டார். எதிலும் நிறுவனத்தின் உள்தணிக்கை தானாக விழித்தெழவில்லை.

5. இந்தியச் சூழல்: வடிவம் வேறு, வழி ஒன்று

அமெரிக்க முறையை அப்படியே இங்குப் பொருத்திப் பார்ப்பது பிழையாகும். அங்கு ஆட்டத்தகுதிக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி கட்டாயம். ஆகவே மதிப்பெண்ணைப் பெருக்குவதே மோசடியின் குறிக்கோள். இங்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில், முழுநேர மாணவராகப் பதிவுற்றிருத்தலும் வயது வரம்புமே தகுதியின் மையம். ஆகவே இங்குப் பதிவும் வருகையுமே அழுத்தம் கூடும் புள்ளிகள். ஆட்டத்திறன் உள்ள ஒருவரை ஏதேனும் ஒரு பட்டப்படிப்பின் பெயர்ப்பட்டியலில் நிலைநிறுத்திவைத்தால், நிறுவனத்தின் பெயரில் அவர் ஆடலாம்.

நிறுவனத்திற்கு இதனால் விளையும் பயன் சிறிதன்று. பல்கலைக்கழகங்களின் ஒட்டுமொத்த விளையாட்டுச் சிறப்புக்கென வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் உள்ளது. தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவின் அளவுகோல்களிலும் மாணவர் பெற்ற விளையாட்டுப் பதக்கங்கள் கணக்கில் கொள்ளப்பட்டு வந்துள்ளன. கட்டணச்சலுகை, விடுதி, உணவு அளித்து வீரர்களைச் சேர்க்கும் நிறுவனங்கள் இவற்றைக் கருதியே அவ்வாறு செய்கின்றன. அதில் குற்றமில்லை. ஏழை மாணவர் பலருக்கு அதுவே வாழ்வு தருகிறது. ஆனால் பதக்கத்தை எண்ணும் அளவுகோல், அப்பதக்கம் பெற்றவர் எத்தனை வகுப்புகளில் பயின்றார் என்பதை எண்ணுவதில்லை.

மாணவருக்கான பயனும் தெளிவானது. தமிழகப் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாநில அரசுப் பணிகளில் 3 விழுக்காட்டு ஒதுக்கீடு உள்ளது. நடுவண் அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பங்கேற்றமைக்கு மூன்றாம் எண் படிவத்தில் சான்று வேண்டும். அதில் ஒப்பமிடுபவர் அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அலுவலர். பதிவு உண்மையற்றதாயின், அதன்மேல் நிற்கும் பங்கேற்புச் சான்றும், அதன்மேல் நிற்கும் அரசுப்பணியும் உண்மையற்றனவாகும். ஓர் இடத்தை ஒருவர் தவறாகப் பெறும்போது, தகுதியான இன்னொரு வீரர் வெளியே நிற்கிறார். அவரும் பெரும்பாலும் இதே போன்ற குப்பத்திலிருந்தோ சிற்றூரிலிருந்தோ வந்தவர்.

6. வருகைப்பதிவின் கணக்கு

மோசடிக்கான தூண்டுதல் பல நேரங்களில் விதியின் இறுக்கத்திலிருந்தே பிறக்கிறது. ஒரு பருவத்திற்கு 90 வேலைநாட்கள். குறைந்தபட்ச வருகை 75 விழுக்காடு. எனவே ஒரு மாணவர் வகுப்பில் இல்லாதிருக்கக்கூடிய நாட்கள் 22 மட்டுமே. பயிற்சி முகாம் மூன்று வாரம், தென்மண்டலப் போட்டி ஒரு வாரம் எனக் கொள்வோம். வாரத்திற்கு ஐந்து வேலைநாட்கள் எனின் 20 நாட்கள் கழிந்துவிடும். அணி வென்று அகில இந்தியப் போட்டிக்குச் சென்றால் மேலும் ஐந்து நாட்கள். வெற்றி பெற்ற குற்றத்திற்காக அம்மாணவர் வருகைத் தகுதியை இழப்பார்.

இம்முரணைத் தீர்க்கக் கல்லூரிகள் மேற்கொள்ளும் வழி, மாணவர் வழக்கில் 'ஓ.டி.' எனப்படும் பணிநிமித்த வருகை. போட்டிக்குச் சென்ற நாட்கள் வகுப்பிலிருந்த நாட்களாகவே கணக்கிடப்படும். நோக்கம் நன்று. ஆனால் வராத மாணவரை வந்தவராகப் பதியும் நொடியில், அவர் இழந்த பாடம் ஆவணத்திலிருந்து மறைந்துவிடுகிறது. எத்தனை மணிநேரப் பாடம் ஈடுசெய்யப்பட வேண்டும் என்று கேட்பதற்கான தடயமே எஞ்சுவதில்லை. சட்டத்திற்கு உட்பட்ட சலுகைக்கும் சட்டத்திற்குப் புறம்பான பொய்ப்பதிவுக்கும் இடையிலுள்ள கோடு இங்குத்தான் மெலிகிறது. போட்டிக்குச் சென்ற பத்து நாட்களுக்கு ஓ.டி. தரும் பதிவேட்டில், செல்லாத பத்து நாட்களையும் சேர்த்துவிடுவது எளிது.

இதற்கடுத்த நிலை அகமதிப்பீடு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு அகமதிப்பீடு 40, பருவ இறுதித் தேர்வு 60 என்னும் பகுப்பு உள்ளது. கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் அகமதிப்பீடு 25. இம்மதிப்பெண்களை இடுபவர் அப்பாட ஆசிரியர். உடற்கல்வித்துறையிலிருந்தோ நிருவாகத்திலிருந்தோ ஒரு சொல் வந்தால், தனியார் கல்லூரியில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் இளம் ஆசிரியர் மறுத்துரைப்பது கடினம். ஜேன் கெம்புக்கு நேர்ந்தது அவருக்கும் நேரலாம். இழப்பீடு பெற்றுத்தரும் வழக்கு நடத்த அவருக்கு வசதி இராது.

7. அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டு வழக்கு

மதிப்பெண் அதிகாரம் கண்காணிப்பின்றி ஓரிடத்தில் குவிந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2017 ஏப்ரல் – மே பருவத் தேர்வுகளுக்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுமதிப்பீட்டிற்கு விண்ணப்பித்தனர். அதில் பணம் பெற்று மதிப்பெண் கூட்டப்பட்டதாக, ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 2018 ஆகத்தில் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிந்தது. செங்கற்பட்டை அடுத்துள்ள திண்டிவனத்தின் மதிப்பீட்டு மையம் இவ்வழக்கில் முதன்மையாகப் பேசப்பட்டது.

இவ்வழக்கு விளையாட்டு வீரர்களைப் பற்றியதன்று. குற்றச்சாட்டு என்ற நிலையிலேயே இங்குக் குறிக்கப்படுகிறது. ஆயினும் கட்டமைப்பு ஒப்புமை தெளிவானது. வட கரோலினாவில் மதிப்பெண் அதிகாரம் துறை அலுவலகத்தில் குவிந்தது. இங்கு அது மதிப்பீட்டு மையத்தில் குவிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. இரண்டிலும் வெளியிலிருந்து ஓர் அமைப்பு வந்து நோக்கும்வரை, நிறுவனத்தின் அன்றாட நடைமுறை அதனைத் தடுக்கவில்லை. விடைத்தாளைக் காணும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 இல் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உறுதிசெய்தது. ஆனால் தனக்குச் சாதகமாக மதிப்பெண் பெற்றவர் விடைத்தாளைக் கேட்கப்போவதில்லை. எனவே இவ்வுரிமை குறைமதிப்பீட்டைத் தடுக்கும், மிகைமதிப்பீட்டைத் தடுக்காது.

8. நீதிமன்றங்கள் வகுத்த எல்லைகள்

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு மதிப்பெண் வரம்பை உயர்த்திவிட்டால் மோசடி குறையும் என்பாருளர். இவ்வாதத்திற்கு உச்ச நீதிமன்றம் 2023 ஆகத்தில் விடையளித்தது. சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு ஒதுக்கீட்டிற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனையை, தேவ் குப்தா வழக்கில் அது நீக்கியது. விளையாட்டுத் திறனை ஊக்குவிப்பதே ஒதுக்கீட்டின் நோக்கம்; பொதுப்பிரிவுக்குரிய மதிப்பெண் வரம்பை இங்கும் வைப்பது அந்நோக்கத்தையே அழிக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு வாயிலைத் திறக்கிறது. வாயிலைத் திறந்தபின் உள்ளே என்ன செய்ய வேண்டும் என்பது நிறுவனத்தின் கடமை. குறைந்த மதிப்பெண்ணுடன் சேர்பவருக்குக் கூடுதல் கற்பித்தல் தேவை. அதனை அளிக்காமல் கூடுதல் மதிப்பெண்ணை மட்டும் அளிப்பது ஒதுக்கீட்டின் உட்கருத்தையே பொய்யாக்குவதாகும்.

இக்கடமையை மீறிய நிறுவனத்தின் மீது மாணவர் வழக்காட முடியுமா? அமெரிக்காவில் கிரேய்ட்டன் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் கூடைப்பந்து ஆடிய கெவின் ராஸ், ஏழாம் வகுப்பு மாணவரின் வாசிப்புத்திறனுடன் வெளியேறினார். அவர் தொடுத்த வழக்கில் 1992 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கற்பித்தலின் தரக்குறைவுக்கென இழப்பீடு கோர இயலாது என்றது. ஆனால் கல்வியில் பங்கேற்கும் வாய்ப்பை அளிப்பதாக வாக்களித்து, அவ்வாய்ப்பையே மறுத்திருந்தால் அது ஒப்பந்த மீறலாகும் என்று ஒரு சிறு வாயிலைத் திறந்துவைத்தது.

இந்தியாவில் தேர்வு நடத்தும் அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் நுகர்வோர் சட்டப்படி சேவை வழங்குவோர் அல்லர் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2009 இல் பீகார் பள்ளித்தேர்வு வாரிய வழக்கிலும், 2010 இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கிலும் எடுத்தது. எனவே உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவதும், பல்கலைக்கழக மானியக்குழுவின் 2023 ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையும் மாணவருக்கு எஞ்சும் வழிகள். அவ்வொழுங்குமுறை வெளிப்படையற்ற, நேர்மையற்ற மதிப்பீட்டு முறைகளையும் குறையாக ஏற்கிறது. கல்லூரிக் குழுவுக்கு மேல் குறைதீர்ப்பாளர் என்னும் பதவியையும் அமைக்கிறது. ஆயினும் இதுவும் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் மட்டுமே இயங்கும். பொய்யான உயர்மதிப்பெண் பெற்ற மாணவர், தாம் பாதிக்கப்பட்டதை உணர்வது பெரும்பாலும் பட்டம் பெற்று வெளியேறிய பின்னரே. முழங்கால் தசைநார் அறுந்து ஆட்டம் முடிந்துபோன ஒருவர், கையிலிருக்கும் பட்டத்தைக் கொண்டு வேலை தேடும்போதுதான், அப்பட்டத்தின் பின்னே கல்வி இல்லை என்பது அவருக்குத் தெரியவருகிறது.

9. பொறுப்புடைமைக்கான நடைமுறைகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படும் நடைமுறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். இவற்றுள் பெரும்பாலானவை புதிய சட்டம் எதையும் வேண்டாதவை. கல்விப்பேரவையின் தீர்மானத்தாலேயே செயற்படுத்தத்தக்கவை.

அ) போட்டிக்குச் சென்ற நாளை வகுப்பிலிருந்த நாளாகப் பதியாமல், 'விளையாட்டுப் பணியில் இருந்த நாள்' எனத் தனிநிரலில் பதிதல் வேண்டும். தேர்வெழுதும் தகுதிக்கு அந்நாளை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இழந்த பாடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆ) அந்நாட்களுக்கு ஈடாக நடத்தப்பட்ட வகுப்புகள் நாள், மணி, ஆசிரியர் பெயருடன் பதிவாக வேண்டும். போட்டியால் தேர்வைத் தவறவிட்டோருக்கு வேறு வினாத்தாளுடன் சிறப்புத் தேர்வு நடத்தப்பட வேண்டும்.

இ) உடற்கல்வித்துறைக்கு மதிப்பெண், வருகைப்பதிவு ஆகியவற்றில் திருத்தம் செய்யும் அதிகாரமோ பரிந்துரை செய்யும் அதிகாரமோ இருத்தலாகாது. வீரர்களுக்கான கல்வி ஆலோசகர், கல்விப்புல முதன்மையரின்கீழ் இயங்க வேண்டும். வட கரோலினாவின் ஆலோசகர்கள் உண்மையை அறிந்தும் அதனைப் பயிற்சியாளரிடமே கூறினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஈ) ஒவ்வொரு பருவ இறுதியிலும், ஒவ்வொரு பாடத்திலும் விளையாட்டு வீரர்களின் பங்கு, அவர்தம் அகமதிப்பீட்டுச் சராசரி, இறுதித்தேர்வுச் சராசரி ஆகிய மூன்று எண்களை உள்தரக்குழு ஆராய வேண்டும். அகமதிப்பீட்டிற்கும் இறுதித்தேர்வுக்கும் இடையே பெரும் இடைவெளி காணப்படின் அது விசாரணைக்குரிய குறி. மாணவர் பெயர் வெளிப்படாமலே இதனைச் செய்யலாம்.

உ) விளையாட்டுச் சான்று வழங்கும்போது, மாணவரின் பதிவெண்ணும் அப்பருவத்தில் அவர் கற்ற பாடங்களும் பதிவாளரால் ஒப்புநோக்கப்பட வேண்டும். களத்துக்குரிய ஒப்பமும் கல்விக்குரிய ஒப்பமும் இருவேறு கைகளினுடையனவாக இருத்தல் வேண்டும்.

ஊ) பட்டப்படிப்பை நீண்ட காலத்தில் முடிக்கும் வாய்ப்பு விளையாட்டு வீரர்களுக்கு வேண்டும். மானியக்குழு 2021 இல் ஒழுங்குமுறைப்படுத்திய கல்வி மதிப்பலகு வங்கி, பெற்ற மதிப்பலகுகளைச் சேமித்துவைக்க இடமளிக்கிறது. மூன்றாண்டில் முடிக்க இயலாததை முடித்ததாகக் காட்டுவதைவிட, நான்காண்டில் உண்மையாக முடிப்பது மேல்.

எ) தவறைச் சுட்டும் ஆசிரியருக்கும் பணியாளருக்கும் பாதுகாப்பு வேண்டும். புகார், அவர் பணியாற்றும் கல்லூரிக்கு வெளியே, இணைவிக்கும் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் செல்லும் வழி அமைய வேண்டும்.

ஏ) மோசடி மெய்ப்பிக்கப்பட்டால், தண்டனை மாணவரின் பட்டத்தை நீக்குவதோடு நின்றுவிடலாகாது. அப்பதிவால் நிறுவனம் பெற்ற கோப்பையும் தரமதிப்பீட்டுப் புள்ளியும் திரும்பப் பெறப்பட வேண்டும். பயன் பெற்றவரே பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பது அறத்தின் எளிய விதி.

10. முடிவுரை

மாமல்லபுரத்தின் சிற்பக்கலைக் கல்லூரியில் 1957 முதல் மாணவர்கள் உளியேந்திப் பயில்கின்றனர். அங்கு ஒருவரின் தேர்ச்சி கல்லில் தெரியும். எழுத்துக்கல்வியில் அத்தகைய கண்கூடான சான்று இல்லை; ஆவணத்தையே நம்ப வேண்டியுள்ளது. ஆகவே ஆவணத்தைக் காப்பதே கல்வியைக் காப்பதாகும்.

கல்லூரி விளையாட்டு சார்ந்த கல்விமோசடி, தீய மாணவராலோ தனியொரு பணியாளராலோ மட்டும் விளைவதன்று. களநாட்காட்டிக்கு இடமளிக்காத கல்விவிதி, பதக்கத்தை மட்டும் எண்ணும் அளவுகோல், மதிப்பெண் அதிகாரத்தின் குவிப்பு, ஒன்றோடொன்று பேசாத கண்காணிப்பு அமைப்புகள் ஆகிய நான்கும் சேரும் இடத்தில் அது விளைகிறது. வட கரோலினாவில் பதினெட்டு ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்ட கேள்வியை, செங்கற்பட்டுப் பகுதியின் கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு பருவ இறுதியிலும் தாமே கேட்டுக்கொள்ள இயலும். அதற்குத் தேவையான எண்கள் அனைத்தும் அவற்றின் தேர்வுப்பிரிவிலேயே உள்ளன. கோவளத்துக் குப்பத்திலிருந்து அலைப்பலகையுடன் வரும் மாணவருக்கு இடமளித்தது நிறுவனத்தின் பெருமை. மூன்றோ நான்கோ ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் பட்டச்சான்றை அச்சமின்றி எவரிடமும் நீட்ட முடிவதே அப்பெருமைக்கு மெய்ச்சான்றாகும்.